கேட்டதில் பாதி

நான் ஆராயும் விண்மீன் செத்துக்கொண்டிருக்கிறது. வயது போனதும் ஊதிப் பெருத்து, தூசியைக் கக்கி, அந்தத் தூசிக்குள்ளேயே ஒளிந்துகொண்டது. அகச்சிவப்பு ஒளி மட்டும்தான் தூசியைத் தாண்டி வரும். அதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியும். எங்கள் ஊரான துணுக்காயில் நின்று பார்க்க முடியாது. எங்கள் காற்றிலுள்ள நீராவி மறித்துவிடும். விண்வெளியில் இருக்கும் தொலைநோக்கியில்தான் நேரம் கேட்க வேண்டும். அதுவும் வருடத்துக்கு ஒருமுறை.

எனக்குத் தேவை ஐந்து மணித்தியாலம். முதல் வருடம் பத்துக் கேட்டேன்.

காரணம் அப்பா. அவர், மயில்வாகனம், எங்கள் வாய்க்காலின் விவசாயப் பிரதிநிதி. சிறுபோக விதைப்புக்குக் குளத்துத் தண்ணீரைப் பங்கிடும் கூட்டத்தில் நாற்பது ஏக்கருக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் எண்பதுக்குக் கேட்பார். நீர்ப்பாசன எஞ்சினியர் பாதியாக வெட்டுவார். இருவரும் முகத்தில் ஒன்றும் காட்டாமல் கையெழுத்து வைப்பார்கள். உலகம் முழுக்க இப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

தொலைநோக்கிக் குழு வெட்டவில்லை. "ஐந்து போதுமென்று உங்கள் கணக்கே சொல்கிறது" என்று எழுதி, முழுவதையும் நிராகரித்தது. எனக்கு வெட்கத்தில் சோறு இறங்கவில்லை.

"கஜேந்தினி, இன்னொருக்கா கேளும்," என்றார் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் என் ஆய்வை வழிநடத்தும் பேராசிரியர் விமலேஸ்வரி. "அதுவும் சரிவராட்டி வேற தலைப்புக்கு மாறவேணும்."

அடுத்த வருடம் ஐந்து கேட்டேன். அப்பா பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அஞ்சு கேட்டா ரெண்டரைதான் தருவினம், பிள்ளை."

"அவை வெட்டமாட்டினம் அப்பா. தேவையானதைக் கேட்டா அப்பிடியே தருவினம்."

"அப்பிடியும் ஆக்கள் இருக்கினமோ?"

ஐந்தும் கிடைத்தது. நான் அழுதேன். அப்பா கடிதத்தை மூன்று தடவை வாசித்துக் காட்டச் சொன்னார். அந்த மாதமே சிறுபோகக் கூட்டம். அப்பா சரியாக நாற்பது ஏக்கர் கேட்டார். எஞ்சினியர் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். பிறகு இருபது என்று எழுதினார்.

வாய்க்காலில் பாதிப் பேர் விதைக்கவில்லை. அவர்கள் எங்கள் படலையைக் கடக்கும்போது சைக்கிளை வேகமாக மிதித்தார்கள். அப்பா என்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

ஆவணியில் தரவு வந்தது. குசினி மேசையில் மடிக்கணினியைத் திறந்தேன். வரைபடத்தில் நான் தேடிய பள்ளங்கள், ஒளி உறிஞ்சப்பட்ட இடங்கள், அப்படியே இருந்தன. அப்பா தேத்தண்ணியோடு வந்து பின்னால் நின்றார்.

"என்னவாம் இருக்கு?"

சொல்லத்தான் வேண்டியிருந்தது. "தண்ணி. ஆவியா இருக்கு."

"எவ்வளவு?"

"எங்கட குளம் கோடிக்கணக்கான தரம் நிரம்பும்."

அப்பா யன்னலால் விதைக்காத வயலைப் பார்த்தார். தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

"எஞ்சினியருக்குச் சொல்லிப்போடாதை," என்றார். "அந்தாள் அதையும் எங்கட பங்கில சேத்து, இருக்கிற இருபதையும் வெட்டிப்போடும்."