கணக்கில் வராத மாவடு

இருபத்து மூன்று வயதில் ரத்தக் கொதிப்பு என்றால் யார் நம்புவார்கள்? வைஷுவும் நம்பவில்லை. ஆனால் மெடிக்கல் ஆபீசரின் கருவி நூற்றைம்பத்திரண்டுக்குத் தொண்ணூற்றெட்டு என்றது. பரீட்சை, இன்டர்வியூ எல்லாம் தாண்டிக் கைக்கு எட்டிய தொழிற்சாலை வேலை அந்த இரண்டு எண்களில் தொங்கியது. உப்பைக் குறைத்துக்கொண்டு ஒரு மாதம் கழித்து வா, அப்போதும் இறங்காவிட்டால் வேலை அடுத்தவருக்கு என்று அனுப்பிவிட்டார். அது தொண்ணூற்றொன்பதாம் வருஷம், மார்ச் மாதம்.

கட்கியில் இருந்த குவார்ட்டர்ஸ் வீட்டுக்குத் திரும்பியதும் வைஷு தன் அம்மா சாவித்ரியிடம் உப்பே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து வைஷுவின் குழம்பில் உப்பில்லை. கடைத்தெரு வடாபாவுக்கும் ஒரு கும்பிடு போட்டாயிற்று. இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டு, பஜார் டாக்டரிடம் கையை நீட்டினால் நூற்றைம்பது. வைஷுவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை விஸ்வேஸ்வரன் மாமா மாதுங்காவிலிருந்து ஒரு பை மாவடு கொண்டுவந்து இறக்கினார். சாவித்ரி வடுவை ஜாடியில் போட்டு, கல்லுப்பைக் கை கையாக அள்ளிக் கொட்டுவதை வைஷு பார்த்துக்கொண்டே நின்றாள். இந்த இரண்டு வாரமும் இரண்டு வேளைத் தயிர்சாதத்துக்கும் நாலு நாலாக, போன வருஷத்து மாவடுதான் அவளுக்குத் துணை.

“ஏம்மா, இவ்வளவு உப்பா?”

“இல்லேன்னா வடு அழுகிப் போயிடுமேடி.”

“எனக்கு உப்பே போடறதில்லேன்னியே?”

“சாப்பாட்டுல போடலையே. ஊறுகாயாவது இருக்கட்டும்னு வெச்சேன்.”

அம்மாவைத் திட்டி என்ன பயன்? கேட்டுக் கேட்டு வாங்கித் தின்றவள் வைஷுதானே. ஊறுகாயை உப்பென்று அவளும்தான் நினைக்கவில்லை. தன் மேலேயே எரிச்சலாக வந்தது. இன்னும் பதினாறு நாள் இருந்தது.

“இனிமே என் தட்டுல மாவடு, அப்பளம் எதுவும் வேண்டாம்.”

“தொண்டையில இறங்காதேடி.”

“இறங்கலைன்னா தண்ணியக் குடிச்சுத் தள்ளிக்கறேன்.”

தள்ளினாள். முதல் வாரம் தயிர்சாதம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. பத்தாம் நாள் வெறும் வெள்ளரிக்காயில் ருசி தெரிந்தது. வேலை மட்டும் கிடைக்கட்டும், அன்றைக்கே ஜாடியைக் காலி பண்ணுகிறேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

குறித்த நாளில் ஆபீசர் இரண்டு தடவை அளந்தார். நூற்று முப்பத்து நாலுக்கு எண்பத்தாறு. ‘ஃபிட்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“பாஸ் பண்ணிட்டு மறந்துபோக இது பரீட்சை இல்லை. வருஷா வருஷம் அளப்பேன்” என்றார் இந்தியில்.

வைஷு ஒரு மாதம் என்று எண்ணிக்கொண்டிருந்தது ரிட்டயர் ஆகும்வரை நீண்டுவிட்டது. காகிதத்தை வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

“அளங்க சார்” என்றாள். “என் சாப்பாட்டு டப்பா வீட்டுலேருந்து வரும், ஊறுகாய் இல்லாம.”