எழுதிப் போட்ட விலை

கேக்கோ சாலைக்குக் கட்டில் வாங்கப் போகிறவர்கள் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். பேரம் எப்போது முடியும் என்று எவருக்கும் தெரியாது. அதிலும் ரிசிகியின் கடையில் அகப்பட்டவர்கள் தேநீர் குடித்து, குடும்பக் கதை பேசி, கோபித்துக்கொண்டு வெளியேறி, திரும்ப அழைக்கப்பட்டு, கடைசியில் கட்டிலோடும் ஒரு புது உறவோடும் வீடு போய்ச் சேருவார்கள். தார் எஸ் சலாம் முழுக்க அவளுக்கு இப்படிக் கிடைத்த அண்ணன் தம்பிகள் உண்டு.

தங்கை சிவேமா வேறு மாதிரி. பேரம் சூடுபிடித்தால் பின்பக்கத்துப் பட்டறைக்கு நழுவிவிடுவாள். மரம் பார்த்து வாங்குவதும் தச்சர்களிடம் வேலை வாங்குவதும் அவள் பொறுப்பு. போன மழைக்காலத்தில் வியாபாரம் படுத்துவிட, கடைக்கென்று ஒரு வலைப்பூ தொடங்கியவளும் அவள்தான். சாயம் பூசிய பைன் மரத்தை உசத்தியான ம்னிங்கா மரம் என்று தலையில் கட்டப் பார்த்தால் எப்படிக் கண்டுபிடிப்பது, கடலோர வீட்டில் கட்டில் ஏன் முனகுகிறது, வார்னிஷ் காய்வதற்குள் மெத்தையைப் போட்டால் என்ன ஆகும் என்றெல்லாம் எழுதினாள். ஊர் படித்தது. ஒவ்வொரு பதிவின் கீழும் ஒரே கேள்வி வந்து நின்றது: விலை என்ன?

சிவேமா எழுதிவிட்டாள். ஆறடிக் கட்டில் ஆறரை லட்சம் ஷில்லிங். மரத்துக்கு இவ்வளவு, கூலி இவ்வளவு, எங்களுக்கு நிற்பது இவ்வளவு, இதுதான் கடைசி விலை. எழுதி முடித்தபோது மனசு லேசாக இருந்தது. பாவம், தான் எந்த ஊரில் கடை வைத்திருக்கிறோம் என்பதைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டாள்.

முதலில் வந்தவர் ஒரு பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர்.

"நெட்டுல போட்டது இருக்கட்டும்மா. எனக்கு என்ன விலை, அதைச் சொல்லு."

"எல்லாருக்கும் அதுதான் சார்."

"அப்ப நானும் ரோட்டுல போறவனும் ஒண்ணா?"

சிவேமா கணக்கைக் காட்டினாள். அவர் அதை அவமானமாக எடுத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனார். அங்கே கடைக்காரன் ஷோமாரி ஒன்பது லட்சத்தில் ஆரம்பித்து, சத்தியம் செய்து, கண் கலங்கி, ஏழுக்கு இறங்கினான். தலைமை ஆசிரியர் கட்டிலை மூன்று சக்கர வண்டியில் ஏற்றி, இவர்கள் கடை வாசல் வழியாகவே மெதுவாக ஓட்டச் சொல்லிப் போனார். போகும்போது கையும் ஆட்டினார்.

"அம்பதாயிரம் கூடக் குடுத்துட்டுச் சிரிச்சிட்டுப் போறாரு பாரு," என்றாள் ரிசிகி. "கட்டில் எங்க வேணா கிடைக்கும்டி. தனக்காகக் குறைச்சாங்கன்னு ஒரு சந்தோஷம், அதுக்குத்தான் இங்க வராங்க."

எல்லாரும் அப்படிப் போய்விடவில்லை. எழுதிய விலையைக் கொடுத்துக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போனவர்களும் இருந்தார்கள். ரிசிகிக்கு அவர்கள்மேல்தான் அதிகம் எரிந்தது. ஒரு சலாம், பணம், ரசீது, முடிந்தது. அவள் போட்ட தேநீர் ஆறிப்போய்க் கிடந்தது.

ஒரு புதன்கிழமை மத்தியானம் சொல்லியேவிட்டாள்.

"வர்றவன் எல்லாம் போனைப் பாக்குறான், என் மூஞ்சியைப் பாக்க மாட்டேங்குறான். ஷோமாரி என்னைக் கூப்பிட்டுட்டே இருக்கான். வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த விலையை எடு. இல்லேன்னா சனிக்கிழமை நான் அவன் கடையில உக்காந்திருப்பேன்."

"விளையாடாதேக்கா."

"யாரு விளையாடுறா?"

இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு தகரம்தான். அக்காவின் சிரிப்பு இனி அந்தப் பக்கத்திலிருந்து கேட்கப்போகிறது என்று சிவேமா நினைத்துப் பார்த்தாள். ஆனாலும் விலையை எடுக்க மனம் வரவில்லை. அதில் ஒரு பொய்யும் இல்லையே.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து கோம்போ என்ற நெடிய மனிதர் வந்தார். போனில் இருந்த கட்டில் படத்தைக் காட்டி, பணத்தை நீட்டினார். வாயைத் திறக்கவில்லை.

ரிசிகிக்குக் கோபம் ஏறிக்கொண்டது. "என்ன அண்ணா, வாய்க்குப் பூட்டா? ஒரு சலாம் சொன்னா சொத்து குறைஞ்சிடுமா?"

கோம்போ வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்ததே தவிர சொல் வரவில்லை. "அ... அ..." என்று அங்கேயே நின்றது.

ரிசிகியின் முகம் வாடிவிட்டது. அடுத்தவர் வாக்கியத்தை முடித்து வைத்தே பழகியவள், இப்போது வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள். சிவேமா அதைத்தான் வியப்போடு பார்த்தாள்.

"அ... அஸ்ஸலாமு அலைக்கும்," என்று முடித்தார் கோம்போ. பிறகு விட்டு விட்டுச் சொன்னார்: "இந்த ரோட்டுல நா... நான் தனியா எதுவும் வாங்கினதில்ல. நான் ஒரு விலை சொல்றதுக்குள்ள அ... அவங்களே சொல்லி முடிச்சிடுவாங்க. மச்சானைக் கூட்டிட்டு வருவேன். இங்க கடைசி விலைன்னு போட்டிருந்துச்சு, பே... பேச வேண்டாம்னு வந்தேன்."

ரிசிகி பணத்தை எண்ணி, இடுப்பில் சுற்றியிருந்த காங்காத் துணியின் முடிச்சில் வைத்தாள். வேலை முடிந்தது. கோம்போ போகவில்லை. கட்டிலின் தலைமாட்டைத் தடவிக்கொண்டே நின்றார்.

"கொ... கொஞ்சம் கு... குறைங்க."

பணம் கொடுத்த பிறகு பேரம்! சிவேமா திகைத்தாள். ரிசிகிக்குக் கண் மின்னியது. மார்பில் அடித்துக்கொண்டாள்.

"யா அல்லா! குறைக்கிறதா? என் பிள்ளைங்க என்ன மரத்தூளா தின்னும்? எவ்வளவு?"

"ப... ப..."

சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த ஷோமாரி, "பத்தாயிரமா?" என்று உதவிக்கு வந்தான்.

"நீ சும்மா இருடா," ரிசிகி கையை உயர்த்தினாள். "அவரு பேசிட்டிருக்காரு."

"ப... பதினஞ்சாயிரம்," என்றார் கோம்போ.

"இதுக்கு என்னை உயிரோட புதைச்சிடுங்க!"

தேநீர் வந்தது. இரண்டு தரப்பும் குடும்பக் கஷ்டங்களைச் சொல்லின. ஒரு கட்டத்தில் கோம்போ விருட்டென்று வெளியே நடந்தார். கட்டில் உள்ளே, பணம் அவள் முடிச்சில், அவரோ சாலையோரத்தில் நின்று கடைக்கண்ணால் பார்க்கிறார், கூப்பிடுவார்களா என்று.

"வாங்கண்ணா! வாங்க! அஞ்சாயிரம் குறைக்கிறேன், உங்களுக்காக!"

அவர் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். சின்னப் பையன் சிரிப்பு.

கட்டில் போன பிறகு சிவேமா போனை எடுத்தாள்.

"என்னடி பண்றே?"

"விலையை எடுத்துடறேன்க்கா. இன்னிக்கு உன்னைப் பாத்தேன்ல. நீ அந்தப் பக்கம் போயிட்டா இந்தக் கடையில என்ன இருக்கு, வெறும் மரம்."

"கையை எடு. அது இல்லேன்னா அந்த மனுஷன் உள்ள காலை வச்சிருப்பாரா?" ரிசிகி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அஞ்சாயிரம் ஏத்தி எழுது. கடைசி விலைங்கிறதை அழி. பேசணும்னா அக்காகிட்ட பேசலாம்னு போடு. கேக்குறவங்களுக்கு அந்த அஞ்சாயிரத்தைக் குறைக்கிறேன்."

"கேக்க முடியாதவங்க?"

"அவங்களுக்கு நானே குறைச்சிடுவேன்."