கம்பி சுற்றிய சுவிட்ச்

கச்சிராயபாளையம் சாலையில் இருந்த அந்த ஜவ்வரிசி மில்லுக்கு நாராயணசாமி மேனேஜர் ஆனதற்கு ஒரே தகுதி, அவருடைய அக்காவை முதலாளி கட்டிக்கொண்டதுதான். முதலாளி சேலத்தில் இருந்தார். மில்லில் நாராயணசாமி இருந்தார், சலவைச் சட்டையும் பாக்கெட் நிறையப் பேனாவுமாக. அந்தப் பேனாக்களில் ஒன்றாவது எழுதி ஜெயம்மாள் பார்த்ததில்லை.

ஜெயம்மாளுக்கு மேல்மாடியில் மூட்டை தைக்கிற வேலை. தைத்த மூட்டைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி, சரக்கு லிஃப்டில் விட்டுக் கீழே அனுப்புகிறவர் பூமாலை. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து, மில்லுக்குப் பின்னாலேயே குடும்பத்தோடு குடியிருந்தார்.

லிஃப்ட் என்றால் ஓர் இரும்புக் கூண்டு, அவ்வளவுதான். மேலேயும் கீழேயும் வலைக்கம்பிக் கதவு. கதவை முழுக்கச் சாத்தினால்தான் அதன் ஓரத்தில் இருக்கும் சுவிட்ச் அழுந்தும். சுவிட்ச் அழுந்தினால்தான் கூண்டு நகரும். கதவு திறந்திருக்கும்போது கூண்டு ஓடிவிடக் கூடாது என்று யாரோ புத்தியுள்ளவர்கள் செய்த ஏற்பாடு. வண்டி இடித்து இடித்து மேல்மாடிக் கதவு வளைந்துபோனது. சாத்தினாலும் சுவிட்சைத் தொடவில்லை. கூண்டு நின்றுவிட்டது.

சங்கராபுரத்திலிருந்து மெக்கானிக் தஸ்தகீர் வந்து பார்த்தார்.

"கதவ மாத்தணுங்க. அதுவரைக்கும் லிஃப்ட ஓட்டாதீங்க."

"லாரி நின்னுக்கினு இருக்குது, நீ ஓட்டாதன்ற. அந்த சுவிட்ச அழுத்தி ஒரு கம்பி சுத்துனா ஓடுமா, ஓடாதா?" என்றார் நாராயணசாமி.

"ஓடும். நான் சுத்த மாட்டேன்" என்று தஸ்தகீர் பையை எடுத்துக்கொண்டு வண்டியேறிவிட்டார்.

நாராயணசாமியே ஸ்டூல் மேல் ஏறினார். சுவிட்சை அழுத்திப் பிடித்து, செம்புக் கம்பியால் நாலு சுற்றுச் சுற்றினார். கூண்டு ஓடியது. இறங்கி, கை தட்டுவார்கள் என்று எதிர்பார்த்தவர் மாதிரி எல்லாரையும் பார்த்தார்.

அதற்குப் பிறகு மேல்மாடிக் கதவை யாரும் சாத்தவில்லை. சாத்த வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டதே!

"சார், கதவு தொறந்தே கெடக்குது. கூண்டு இல்லாத நேரத்துல யாராச்சும் உள்ள வுழுந்துட்டா இன்னா பண்றது?" என்று ஜெயம்மாள் கேட்டாள்.

"கண்ணு எதுக்குமா வெச்சிருக்க? பாத்து நட."

ஆயுத பூஜைக்கு லிஃப்டுக்கு மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்தார். சுவிட்சுக்கும் சந்தனப் பொட்டு வைத்தார். அந்தக் கம்பியின் மேலேயே வைத்தார்.

ஐப்பசியில் ஒரு நாள், மழைக்கு முன்னால் லாரியை அனுப்பிவிட வேண்டும் என்று கீழே ஒரே கூச்சல். பூமாலை வண்டியில் மூட்டைகளை ஏற்றிவிட்டு, பின்பக்கமாக நடந்து அதை லிஃப்டை நோக்கி இழுத்துக்கொண்டு வந்தார். பாரம் ஏற்றிய வண்டியை லிஃப்ட் வாசற்படியில் அப்படித்தான் ஏற்ற முடியும், தள்ளினால் ஏறாது. கூண்டு மேலே நிற்பதை அவர் பார்த்துவிட்டுத்தான் மூட்டை ஏற்றப் போயிருந்தார். அதற்குள் நாராயணசாமி கீழே பொத்தானை அழுத்திக் கூண்டை இறக்கிவிட்டார். மேலே ஒரு குரல் கொடுக்க அவருக்கு வாய் வரவில்லை.

பூமாலை வெறும் குழிக்குள் கால் வைத்தார். கீழே நின்ற கூண்டின் கூரைமேல் போய் விழுந்தார். வண்டியின் சக்கரம் படியில் சிக்கிக்கொண்டதால் மூட்டைகள் அவர்மேல் சரியவில்லை. ஜெயம்மாள் ஓடிவந்து குழிக்குள் எட்டிப் பார்த்தபோது, அவர் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். அந்தக் கால், கால் மடங்கும் பக்கத்தில் மடங்கியிருக்கவில்லை.

கீழேயிருந்து நாராயணசாமியின் குரல் வந்தது. "பின்னால நடக்கச் சொல்லி எவன் சொன்னான்?"

ஆம்புலன்ஸ் வருவதற்குள், "குடிச்சிட்டு வந்துட்டான்" என்று லாரி டிரைவரிடம் சொல்லியாகிவிட்டது. சாயந்திரம் போலீஸிடமும் அதையே சொன்னார். பூமாலைக்கு அந்தப் பழக்கமே கிடையாது என்று மில் முழுக்கத் தெரியும்.

தொழிற்சாலை ஆய்வாளர் வருகிறார் என்று தெரிந்த காலையில், நாராயணசாமி இடுக்கியோடு மறுபடி ஸ்டூல் மேல் ஏறினார். கம்பியை வெட்டி எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். சந்தனத்தைத் துடைத்தார்.

"ஜெயம்மா, உன்ன கேட்டா குடிச்சிருந்தான்னு சொல்லணும், புரியுதா?"

"கேக்கறதுக்குப் பதில் சொல்றேங்க" என்றாள்.

அந்தக் கம்பி இல்லாமல் லிஃப்ட் நகராது என்பதை இந்த மனுஷன் மறந்தே போய்விட்டார் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவரே கட்டியது, அவரே மறந்தது. சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். முகத்தைப் பார்த்தாள். சொல்லத் தோன்றவில்லை.

ஆய்வாளர் ஒரு பெண். நனைந்த குடையை மூலையில் சாய்த்துவிட்டு, "ஓட்டிக் காட்டுங்க" என்றார்.

நாராயணசாமி கல்யாண மண்டபக் கதவைச் சாத்துவது போலச் சாத்தினார். "பாருங்க மேடம், கதவு சாத்துனாத்தான் ஓடும். நம்ம கிட்ட எல்லாம் பக்கா." பொத்தானை அழுத்தினார். கூண்டு அசையவில்லை. மறுபடி அழுத்தினார். கதவைத் தோளால் தள்ளினார். கடைசியில் ஓர் உதை விட்டார்.

"கரண்ட் இல்லீங்க போல."

தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ஆய்வாளர் அதை அண்ணாந்து பார்த்தார். "விபத்து நடந்த அன்னிக்கு எப்படி ஓடுச்சு?"

"இந்த ஆளுங்கதான் மேடம், எதையாவது நோண்டிக்கினே இருப்பாங்க."

ஆய்வாளர் ஜெயம்மாளைப் பார்த்தார்.

"சுவிட்சுல கம்பி கட்டித்தாங்க ஓடிக்கினு இருந்துது. இவருதான் கட்டுனாரு. காலையில வெட்டி எடுத்து பாக்கெட்டுல போட்டுக்கினாரு."

நாராயணசாமியின் கை தானாகவே பாக்கெட்டைப் பொத்தியது. ஆய்வாளர் உள்ளங்கையை நீட்டினார். பேனாக்களோடு சேர்ந்து கம்பியும் வெளியே வந்தது.

லிஃப்டுக்குச் சீல் வைத்தார்கள். வழக்குப் போட்டார்கள். மில் சில நாள் மூடிக் கிடந்தது; கூலி போய்விட்டதே என்று சிலர் ஜெயம்மாளைத் திட்டவும் செய்தார்கள். அவள் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறிப்போய், இடுப்பிலும் காலிலும் பிளேட் வைத்துப் படுத்திருந்த பூமாலையிடம் நடந்ததை நடித்தே காட்டினாள்: கதவு, தோள், உதை, பாக்கெட். பூமாலை இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வெக்காதம்மா, உயிர் போவுது" என்றார். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் காலைத் தடவிப் பார்த்தார். அதன் பிறகு அவரால் பாரம் தூக்க முடியவில்லை. நஷ்டஈட்டை வாங்கிக்கொண்டு மலைக்கே திரும்பிவிட்டார்.

மில்லில் புதுக் கதவு போட்டாகிவிட்டது. நாராயணசாமியும் இருக்கிறார், அக்கா இருக்கிறாரே. பார்க்க வருகிறவர்களிடம், "ஆளுங்க உயிருதான் நமக்கு முக்கியம்" என்று புதுக் கதவைத் தட்டிக் காட்டுகிறார் என்று கேள்வி.

ஜெயம்மாளைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. வடக்கனந்தல் பக்கம் வேறு மில்லில் மூட்டை தைக்கிறாள். தினமும் ரெண்டு பஸ் மாற வேண்டும். ஏன் இவ்வளவு அலைச்சல் என்று கேட்டால், "காலையில போனதும் அந்தாளுக்கு ஒரு வணக்கம் வெக்கணும். அது என்னால ஆவாது" என்கிறாள்.