தாராளமாப் போடுங்க

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் நீலா வீட்டு மணி அடித்தது. தமிழ்ச் சங்கத் தலைவர் பக்தவத்சலம்தான். ராணுவக் கணக்கு அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர், நாற்பது வருஷப் புனேக்காரர். கையில் ஒரு காகிதம்.

"ஒரே ஒரு சைன், நீலா. நாளைக்கு ஆண்டு விழாவை யூட்யூப்ல லைவா விடறோம் இல்லியா? போன வருஷம் யாரோ புகார் பண்ணி வீடியோவையே தூக்கிட்டான். இந்தத் தடவை ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் எழுதி வாங்கறேன். 'இது என் சொந்தப் படைப்பு. பிறருடையது எனில் அனுமதி பெற்றுள்ளேன்.' போட்டுட்டு ஒரு சாய் குடு, கெளம்பறேன்."

நீலா பேனாவைத் திறந்தாள். மூடினாள்.

"என்னம்மா?"

"நாடகத்தை நான்தான் எழுதினேனுங்க சார். கதை மட்டும் வாட்ஸ்அப்ல வந்ததுங்க."

"வாட்ஸ்அப்ல வந்தா அது ஊர் சொத்து. அரே, டென்ஷன் நஹி லேனேகா, கவலையே படாதே!"

டென்ஷன் வந்துவிட்டது. கராடியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் அவள் பார்க்கும் வேலையே அதுதான். யாராவது இணையத்திலிருந்து நாலு வரி நிரலை எடுத்து ஒட்டியிருந்தால், அது யாருடையது, எடுக்கலாமா கூடாதா என்று தோண்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். போன மாதம்கூட ஏழு வரிக்காக ஒரு குழுவின் வேலையை இரண்டு நாள் நிறுத்தி வைத்தவள். அப்படிப்பட்டவளுக்கு இந்த விஷயத்தில் அது தோன்றவே இல்லை. தமிழில் வந்ததால் ஏதோ நம் வீட்டுச் சாமான் போல எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

அந்தச் செய்தியின் தலையில் 'படித்ததில் பிடித்தது' என்று இருந்தது. எழுதியவர் பேர் இல்லை. ஊரில் இருக்கும் மனைவியும் புனேயில் இருக்கும் புருஷனும் போனில் பேசுகிறார்கள்.

"போனை வச்சிராதீக."

"தூக்கம் வருது புள்ள."

"தூங்குங்க. போனைத் தலைமாட்டுல வச்சுட்டுத் தூங்குங்க."

"எதுக்கு?"

"உங்க குறட்டையக் கேக்காம எனக்குக் கண்ணு மூட மாட்டேங்குது."

இந்த ஐந்து வரியைத்தான் நீலா இருபத்தைந்து நிமிஷ நாடகமாக வளர்த்திருந்தாள். பத்து வருஷமாகச் சங்க விழாக்களில் டோக்கன் கிழித்தும் சுண்டல் கட்டியும் வந்தவள். இந்த வருஷ அழைப்பிதழில்தான் முதல் முறையாக 'கதை, வசனம்: நீலா' என்று அச்சாகியிருந்தது.

"சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க சார்," என்று காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டாள்.

அவர் படி இறங்குவதற்குள், செய்தியை அனுப்பிய கீழ்த்தள ரமாவுக்குப் போன் போட்டாள்.

"அதுவா? எனக்கு ஆகுர்டி பரமசிவம் அண்ணன் அனுப்பினார். நீ தாராளமாப் போடு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"நீ எழுதலையே, ரமா."

"எழுதலை. உனக்குக் குடுத்தது நான்தானே?"

பரமசிவம் ஆகுர்டியில் மோட்டார் தொழிற்சாலையில் இருப்பவர். ரமாவுக்கு மேல் தாராளம்.

"தாராளமாப் போடுங்கம்மா! தமிழ் வளரட்டும்."

"எழுதினது யாருங்க?"

"நம்ம சின்னதுரை. போசரில லேத்துல நிக்கறான். அவன் பேரு கீழ இருந்துச்சு. ரொம்ப நீளமா இருக்கேன்னு நான்தான் எடுத்துட்டேன்."

"பேருங்களா?"

"மெசேஜும்மா."

அவர் கொடுத்த நம்பரில் சின்னதுரை எடுத்தபோது பின்னால் இரும்பு அறுபடும் சத்தம். நீலா விஷயத்தைச் சொல்லி முடித்தாள். சத்தத்தை விட்டு அவன் வெளியே நடந்து வருவது கேட்டது.

"அது இன்னுமா சுத்துது? நான் அழிச்சு ஆறு மாசமாச்சேம்மா."

"உங்க அனுமதி இருந்தாப் போதுமுங்க."

"எழுதினது நான்தான். ஆனா பேசினது என் வீட்டுக்காரி. நாங்க பேசினத அப்படியே எடுத்துப் போட்டேன். நான் எங்க குடுக்கிறது அனுமதி? இப்ப இங்க போசரி வீட்டுலதான் இருக்கா, நேருல கேளுங்க. போன்ல வேணாம். போனைக் கண்டாலே இப்ப அவளுக்கு ஆகாது."

வீட்டிலிருந்து போசரிக்கு ஆட்டோவில் ஒன்றேகால் மணி நேரம். நீலாவால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இந்தப் பக்கம் நகர்ந்தாள், அந்தப் பக்கம் நகர்ந்தாள். துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். சிக்னலுக்குச் சிக்னல் பக்தவத்சலம் கூப்பிட்டார். "சைன் ஆச்சா?" "இல்லீங்க." "ஆச்சா?" "போயிட்டிருக்கேனுங்க சார்." பேசப் போகிற வசனங்களை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.

போசரி எம்ஐடிசி தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு மாடி அறை. சின்னதுரையின் மனைவி கோதை தரையில் உட்கார்ந்து கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும்.

"வாங்கக்கா. அவுக கீழ் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாக. உக்காருங்க."

"நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன். எங்க ஊரு சாத்தூர்ப் பக்கம், தீப்பெட்டி ஆபீஸ்ல வேல. அவுக எழுதினது ஒரே வாரத்துல அங்க வந்து சேந்துருச்சு. நான் உள்ள நுழைஞ்சா நாப்பது பேரும் ஒண்ணா 'கொர்ர்ர்'ங்கிறாளுக. கண்காணிகூட. வீட்டுல மாமனார் முகத்துல முழிக்க முடியல. வேலைய விட்டுட்டு இங்க வந்துட்டேன்."

"இங்க இப்பப் பக்கத்துலயே குறட்டை கேக்குதுங்களா?"

"இப்பக் கேட்டா எரிச்சலா வருது," என்றாள் கோதை, சிரிக்காமல்.

நீலா பையிலிருந்து நாடகக் காகிதங்களை எடுத்தாள். "நான் பேரையெல்லாம் மாத்திட்டேனுங்க. நாடகத்துல அந்தப் பொண்ணு பேரு செல்வி."

"செல்வி யாருன்னு எங்க ஊருல கேப்பாகளா? குறட்டைன்னாலே நான்தான்."

"அப்ப ஒண்ணு பண்றேனுங்க. முடிவுல உங்க பேரைச் சொல்லி நன்றி சொல்லிடறேன். யாரு சொன்னதுன்னு மறைக்காம."

கோதை கத்தியும் கையுமாக நிமிர்ந்தாள். "பேரைப் போட்டா இன்னும் நல்லாத் தெரியுமேக்கா!"

ஆபீஸில் இந்த நன்றியைத்தான் நீலா எல்லோரிடமும் வற்புறுத்தி வாங்குவாள்.

"சரி, என்னதான் எழுதியிருக்கீக? படிங்க, கேப்போம்."

நீலா படித்தாள். செல்விக்கு ஒரு குரல், புருஷனுக்கு ஒரு குரல், அறையில் கூடத் தங்கியிருக்கும் நாலு பேருக்கு நாலு குரல். முதல் காட்சியில் கோதையின் முகம் அசையவில்லை. இரண்டாவதில் நறுக்குவது நின்றது. மூன்றாவது காட்சியில், தலைமாட்டுப் போனுக்குள்ளிருந்து செல்வி, "ஒருக்களிச்சுப் படுங்க!" என்று அதட்ட, புருஷனோடு சேர்ந்து அறையில் இருக்கும் மற்ற நாலு பேரும் தூக்கத்திலேயே ஒருக்களித்துப் படுத்தார்கள்.

கோதை வெடித்துச் சிரித்தாள். தட்டு சரிந்து கொத்தவரங்காய் தரையெல்லாம் சிதறியது. "அய்யோ, நாலு பேருமா! அந்தப் பயலுக நெசமாவே திரும்பியிருப்பானுக அக்கா!" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இது அவுக எழுதலையே?"

"இது நான் எழுதினதுங்க."

"அவுகளவிட நல்லா எழுதியிருக்கீக."

"அப்ப... நாளைக்குப் போட்டுக்கலாங்களா?"

"வேணாம்."

"இவ்வளவு சிரிச்சீங்களேங்க!"

"சிரிப்பு வந்துச்சு, சிரிச்சேன்." சிதறியதை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் போட்டபடியே பேசினாள். "இத எழுதறதுக்கு முந்தி அவுக ஒரு வார்த்த கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன். அவுக கேக்கல. அனுப்பினவுக கேக்கல. சிரிச்சவுகளும் கேக்கல. மொதமொதல்ல கேட்டு வந்த ஆளு நீங்கதான். உங்களுக்கும் சரின்னுட்டா, வேணாம்னு நான் எப்பத்தான் சொல்றது?"

நீலாவும் குனிந்து நாலைந்து கொத்தவரங்காயைப் பொறுக்கிக் கொடுத்தாள்.

"டீ போடட்டுமாக்கா?"

"வேண்டாமுங்க. வரேன்."

தெருவுக்கு வந்ததும் அவளே பக்தவத்சலத்தைக் கூப்பிட்டாள்.

"சார், நாடகம் வேண்டாமுங்க. அந்தப் போசரிப் பொண்ணு சம்மதிக்கலை."

"எந்தப் பொண்ணு? பைத்தியமா உனக்கு? அழைப்பிதழ் அடிச்சாச்சு, புருஷனா நடிக்கற மனோஜ் நாலு வாரமா குறட்டை விட்டுப் பழகிட்டிருக்கான். சரி, லைவ்ல மட்டும் அந்த இருபத்தஞ்சு நிமிஷத்தைக் கட் பண்ணிடறேன். போதுமா? போசரிலேர்ந்து யார் வந்து பார்க்கப் போறா?"

"வந்தா என்ன, வராட்டி என்னங்க? வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

"ஸ்கிரிப்ட் எங்ககிட்ட இருக்கு. நீ வராட்டியும் நாடகம் நடக்கும்."

நீலா நடையை நிறுத்தினாள். சிமெண்டு லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போனது.

"அழைப்பிதழ்ல கதை, வசனம் யாருன்னு போட்டிருக்கீங்க சார்?"

"உன் பேர்தான்."

"அப்ப அந்த நீலா சொல்றேன். நான் அனுமதி குடுக்கலை."

"காலைல வாட்ஸ்அப்ல வந்ததுன்னியே!"

"வாட்ஸ்அப்புக்கு எழுதத் தெரியாதுங்க சார். வேற யாரோதான் எழுதுவாங்க."

மறுமுனையில் குரல் இறங்கி வந்தது. "சரி பாபா. நாளைக்கு நீயே மேடை ஏறி நாடகம் ஏன் இல்லைன்னு சொல்லிடு. கேக்கறவங்களுக்கு என்னால பதில் சொல்ல முடியாது."

சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். மனசுக்குள் உடனே வசனம் ஓட ஆரம்பித்தது. போசரியில் ஒரு பெண் இருக்கிறாள், அவள் புருஷன் ஒருநாள்... இரண்டாவது வரியிலேயே நிறுத்தினாள். சபை சிரிக்கும். அடுத்த நாள் யாராவது அதை எழுதி அனுப்புவார்கள்.

"ஏன்னு சொன்னா அதுவே கதையாயிடுமுங்க சார்."

"வேற என்னத்தைச் சொல்றது?"

"நீலா மாத்தி எழுதப் போய் முடிக்கலைன்னு சொல்லுங்க."

"எல்லாரும் உன்னைத்தான் திட்டுவாங்க."

"திட்டட்டுமுங்க."

போனை வைத்துவிட்டு, கையெழுத்துப் போடாத காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் திணித்தாள். ஆட்டோக்கள் ஒன்றும் நிற்கவில்லை. அங்கேயே நின்று காத்திருக்க முடியாமல் சாலை ஓரமாக நடக்க ஆரம்பித்தாள். போன் கையில் அதிர்ந்தது, மறுபடியும் அதிர்ந்தது. நாடகக் குழுவில் செய்தி பரவிவிட்டது. முதல் ஆளாக மனோஜ் கேட்டிருந்தான்: 'என்னக்கா, நாலு வாரமாப் பழகினத மாத்தி எழுதப் போய் முடிக்க முடியலையா?'

ஆமாம் என்று பதில் அனுப்பிவிட்டு அவள் வேகமாக நடந்தாள்.