அறுபது இழுப்பு

என் சலூனில் இரண்டு நாற்காலிகள். என்னுடையது காலியாகவே கிடந்தாலும், என் மைத்துனனுக்காக பெஞ்சில் நாலு பேர் காத்திருப்பார்கள். கூப்பிட்டால், "பரவாயில்லண்ணே, தம்பியே வரட்டும்" என்பார்கள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அவன் தன் சவரக்கத்தியைச் சாணைக்கல்லில் தீட்டிப் பல மாதமாகிறது. பச்சை பேஸ்ட் தடவிய தோல்வாரில் தினமும் பத்து இழுப்பு, அதுவும் பூனையைத் தடவுவது போல. அவ்வளவுதான், கூர் குறையவே குறையாது. அழுத்தித் தேய்த்தால் வார் குழிந்து, கூர் உருண்டு மழுங்கிப்போகும் என்பது எனக்கும் தெரியும். தெரிந்துதான், அன்று மதியம் அவன் சாப்பிடப் போனதும், அவன் கத்தியை அதே வாரில் அழுத்தி அழுத்தி அறுபது இழுப்பு இழுத்து வைத்தேன்.

அவன் வந்ததும் அவன் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"எனக்கு ஒரு ஷேவிங் பண்ணுடா."

கத்தி மயிரைப் பிடித்து இழுக்கும். பெஞ்சில் இருக்கும் அத்தனை பேர் காதிலும் விழ, ஐயோ என்று அலற வேண்டும். இதுதான் என் திட்டம்.

நுரை பூசினான். நான் கண்ணை மூடி அலறக் காத்திருந்தேன். கத்தி போனதே தெரியவில்லை. பாழாய்ப்போன சுகம், தூக்கமே வந்துவிட்டது.

"எந்தக் கத்திடா இது?"

"உங்களுதுதான் மாமா. என் கத்தி என்னமோ மொண்ணையாயிடுச்சு. உங்க கத்திய என் வார்ல பத்து இழுப்பு இழுத்தேன். இவ்ளோ நல்ல கத்திய வெச்சுக்கிட்டு சும்மாவா உக்காந்திருக்கீங்க?"