பக்கத்து சீட்

வண்டியைக் கொடுத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, பல் டாக்டர் திரும்பி வந்துவிட்டார். வந்தவர் உட்காரவில்லை. கடை வாசலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தபடியே விஷயத்தைச் சொன்னார். புதிதாகப் போட்ட ஸ்பீக்கர்களில் பாட்டோடு சேர்ந்து வேறொரு சத்தமும் வருகிறதாம். மெல்லிசாக, கீச்சென்று. வண்டி வேகம் எடுத்தால் அதுவும் ஏறுகிறதாம், வேகம் குறைந்தால் இறங்குகிறதாம்.

"காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ட்ரில் சத்தத்துலயே இருக்கேன்க்கா. வீட்டுக்குப் போற வழியிலயாவது அது காதுல விழக்கூடாதுன்னுதான் இத்தனையும் பண்ணினேன். இப்ப அந்த ட்ரில்லு வண்டிக்குள்ளயே ஏறி உக்காந்துக்கிச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். ஏனென்றால் எங்கள் கடையிலிருந்து போன வண்டி எதுவும் இப்படித் திரும்பி வந்ததில்லை.

எங்கள் கடையில் நடப்பது ஒரே வேலைதான். காரோடு வந்த கம்பெனி செட்டைக் கழற்றாமல், அதன் ஒயரிலிருந்து பாட்டைக் கொஞ்சம் திருடி ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்து, கதவுகளில் கூடுதல் ஸ்பீக்கரும் டிக்கியில் ஒரு வூஃபரும் வைத்துக் கொடுப்போம். வெளியே பார்த்தால் எதுவும் மாறியிருக்காது. கேட்டால்தான் தெரியும். கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கும் பேடைக் கழற்றுவது, ஒயர் இழுப்பது, ட்யூன் பண்ணுவது எல்லாம் இவர் பொறுப்பு. இவர் என்றால் என் வீட்டுக்காரர். பில், போன், வருகிறவர்களின் புலம்பல் மூன்றும் என் தலையில்.

இதுபோக எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒவ்வொரு வண்டியும் முடிந்ததும், "வா, வந்து உக்காரு" என்று கூப்பிடுவார். நான் போய்ப் பக்கத்து சீட்டில் உட்காருவேன். டிரைவர் பக்கக் கதவைத் திறந்து வைத்து, தரையில் முட்டி போட்டு, சீட்டுக்கு அடியில் இருக்கும் ஆம்ப்ளிஃபயரின் திருகைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் திருப்பிக்கொண்டே என்னைப் பார்ப்பார். கண்ணை எடுக்காமல் பார்ப்பார். கல்யாணமான புதிதில்கூட மனுஷன் இப்படிப் பார்த்ததில்லை. எனக்கு நாற்பது தாண்டிவிட்டது, தோளுக்கு மேல் வளர்ந்த மகள் இருக்கிறாள், ஆனாலும் கூச்சமாக இருக்கும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன். அந்தப் பார்வைக்காகவே பில் போடுவதைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போவேன்.

டாக்டர் சொன்னதைக் கேட்டதும் இவர் வண்டியில் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, இன்ஜினை நன்றாக உறும விட்டுப் பார்த்தார். இறங்கி வந்து, ஒரு சத்தமும் இல்லை என்றார். டாக்டர் விடவில்லை, இப்போதுகூடக் கேட்கிறதே என்றார். போன் சார்ஜரைச் செருகியிருப்பீர்கள், அதனால் இருக்கும் என்று இவர் ஒரு காரணம் சொன்னார். சார்ஜரே வைத்துக்கொள்வதில்லை என்று அவர் சொன்னார். இரண்டு பேருடைய குரலும் மெல்ல ஏறத் தொடங்கியது.

நான் இவர் பக்கம்தான். நாளெல்லாம் ட்ரில்லைப் பிடித்தால் காதுக்குள் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும், அதற்குக் கடைக்காரர் என்ன செய்வார் என்று மனதுக்குள் டாக்டரைத் திட்டியபடி போய் வண்டிக்குள் உட்கார்ந்தேன்.

சத்தம் இருந்தது. ஙீஈஈ என்று, பல் கூசுகிற மாதிரி. டிரைவர் சீட்டில் ஏறிய டாக்டர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க அது மேலே மேலே போயிற்று. காது உள்ள யாருக்கும் கேட்கும்.

திரும்பி இவரைப் பார்த்தேன். திறந்திருந்த கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "சுத்தமாத்தானே இருக்கு?" என்று என்னிடமே கேட்டார். வீம்புக்குச் சொல்லவில்லை. முகத்தில் துளிகூடக் கள்ளம் இல்லை.

சாயங்காலம் வந்து வண்டியை எடுத்துக்கொள்ளலாம், பார்த்து வைக்கிறோம் என்று சொல்லி டாக்டரை அனுப்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெருக்கிய இடத்தையே பெருக்கினேன். போன் செய்த ஒருவருக்கு வேறொருவருடைய வண்டி விவரத்தைச் சொல்லி, அவர் குழம்பி, நானும் குழம்பினேன். திருகு டப்பாக்களை இடம் மாற்றி அடுக்கினேன். இவர் வந்து தேடினால் கத்துவார் என்று தெரிந்தும் அடுக்கினேன்.

இந்த வண்டியைக் கொடுத்த நாளுக்கு முந்தின நாள் எங்களுக்குள் சண்டை. துணி துவைக்கிற மெஷின் முடிந்ததும் பீப் பீப் என்று கூப்பிடும். இவர் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் வெளியே போய்விட்டு வந்து பார்த்தால், ஈரத் துணி அப்படியே சுருண்டு கிடந்து நாற்றமடித்தது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில். "காது என்ன செவிடா?" என்று கத்தினேன். இவர் பதில் பேசவில்லை. எழுந்து போய்த் துணியை உலர்த்தினார். பதில் பேசாத மனுஷனைப் பார்த்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

மறுநாள் டாக்டர் வண்டி முடிந்தது. வழக்கம்போலக் கூப்பிட்டார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். இவர் திருகைத் திருப்பினார், பார்த்தார், மறுபடி திருப்பினார், மறுபடி பார்த்தார். அன்றைக்கு ரொம்ப நேரம் பார்த்தார். சமாதானத்துக்கு வருகிறார் என்று நினைத்தேன். வரட்டும், அவ்வளவு சுலபத்தில் இறங்கி வருவேனா என்று ஒரு புருவத்தைக்கூட அசைக்கவில்லை. கடைசியில், "சரி" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். அந்தச் சத்தம் அன்றைக்கே இருந்திருக்க வேண்டும். அன்றைக்கு எனக்கு என் கோபத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

பெருக்குமாறை வைத்துக்கொண்டு கடை நடுவில் நின்றேன். நான் முகம் சுளித்தால்தான் இவருக்குச் சத்தம் இருப்பதே தெரியுமா? அப்படியென்றால் இந்தக் கடை என்னாவது? சத்தத்தை நம்பி நடக்கிற கடை. இவருக்கு வேறு தொழில் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்தப் பயத்தோடு கூடவே, சொல்ல வெட்கமாக இருக்கிறது, இன்னொன்றும் வந்தது. அப்படியென்றால் அந்தப் பார்வை?

போய்க் கேட்டிருக்கலாம். நேராகக் கேட்கிற பழக்கம் எங்கள் இரண்டு பேருக்கும் இல்லை.

இவர் அதற்குள் சீட்டைக் கழற்றிக் கார்ப்பெட்டை உரித்துவிட்டார். எதற்கும் ஆம்ப்ளிஃபயரின் எர்த் ஒயரைப் பார்த்துவிடுகிறேன் என்றார். அதை முறுக்கியிருந்த போல்ட்டுக்கு அடியில் பெயின்ட் போகாமல் இருந்ததாம், அதனால் எர்த் சரியாகப் பிடிக்கவில்லையாம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். வெள்ளைத் தகடு தெரிந்ததும் மறுபடி முறுக்கி, சீட்டையும் மாட்டினார். இன்ஜினைப் போட்டார்.

"வா, வந்து உக்காரு."

உட்கார்ந்தேன். முட்டி போட்டு, ஒரு கையால் ஆக்ஸிலரேட்டரை அழுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். அதே பார்வை. சத்தம் குறைந்திருந்தது. ஆனால் போகவில்லை. காதோரத்தில் கொசு சுற்றுகிற மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

முகத்தைத் தளர்த்தினேன். இவரைப் பார்த்துச் சிரித்தேன்.

உடனே கையை எடுத்துவிட்டார். எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டார். பெயின்ட்தான் காரணம், இப்போது சத்தம் சுத்தமாகப் போய்விட்டது என்றார். பல நாள் சுமையை இறக்கி வைத்தவர் போல இருந்தது முகம். கார்ப்பெட்டின் ஓரத்தை உள்ளே தள்ளிவிட ஆரம்பித்தார்.

"இன்னும் இருக்கு," என்றேன்.

நிமிர்ந்தார்.

"நீ சிரிச்சியே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று இவருக்கு உறைத்தது. கார்ப்பெட்டைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அணைக்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. இவரை இப்படி மாட்டி வைத்ததற்கு என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

எப்போதிலிருந்து என்று கேட்டேன். இரண்டு வருஷம் இருக்கும் என்றார். பேச்சும் மேளமும் நன்றாகத்தான் கேட்கிறதாம். மெல்லிசான சத்தங்கள்தான் ஒன்றொன்றாகப் போய்விட்டன. மெஷினின் பீப் போனதே நான் கத்திய அன்றைக்குத்தான் தெரிந்ததாம். செவிடா என்று கேட்ட வாயை எங்கே கொண்டு போய் வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன். சொன்னால் நீ பயப்படுவாய், ஊருக்குத் தெரிந்தால் எவன் வண்டியைக் கொண்டு வந்து விடுவான் என்றார்.

நியாயமாக நான் அழுதிருக்க வேண்டும், அல்லது தேற்றியிருக்க வேண்டும். என் வாயில் வந்தது வேறு.

"அப்ப என்னைக் கூப்பிட்டு உக்கார வெச்சதெல்லாம் இதுக்குத்தானா?"

இவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. காது வரைக்கும் சிவந்துவிட்டார்.

"மொதல்ல ஆசைக்குத்தான் கூப்பிட்டேன்," என்றார். "முடிச்ச வேலையை உன்கிட்டக் காட்டணும்னு. அப்படி ஒரு நாள் பாத்துக்கிட்டு இருக்கறப்ப நீ மூஞ்சியச் சுளிச்ச. என்னடான்னு பாத்தா, எனக்கு ஒண்ணுமே கேக்கல. அன்னைக்குத்தான் எனக்கே தெரியும்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எதிரே சுவரில் சாய்த்து வைத்திருந்த கதவு பேடுகள் கலங்கலாகத் தெரிந்தன. கோபம் எங்கே போனது என்று தேடினேன். இருந்தது, ஆனால் யார் மேல் என்று தெரியவில்லை.

"என் மூஞ்சி என்ன மீட்டரா?" என்றேன். "எனக்கு ஆயிரம் கோபம் வரும், தலைவலி வரும். இனிமே வாயத் தொறந்து கேளுங்க. நாளைக்குக் காலையில காது டாக்டர்கிட்டப் போறோம்."

தலையை ஆட்டினார். ஊசி போடச் சம்மதித்த பிள்ளை மாதிரி ஆட்டினார்.

மறுபடி கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தார். பேட்டரியிலிருந்து வரும் ஒயரும் பாட்டு வரும் ஒயரும் ஒரே பக்கமாக, கார்ப்பெட்டுக்கு அடியில் உரசிக்கொண்டே ஓடியிருந்தன. அப்படி ஓடினால் இன்ஜின் சத்தம் பாட்டில் ஏறிவிடும், தொழிலுக்கு வந்த முதல் மாதத்தில் செய்கிற தப்பு என்று தன்னையே திட்டிக்கொண்டார். பாட்டு ஒயரை உருவி வண்டியின் மறுபக்கமாக இழுக்க ஆரம்பித்தார். பாதி இழுத்ததும் கேட்டார்.

"இப்ப?"

"இருக்கு."

"கொறைஞ்சிருக்கா?"

"கொஞ்சம்."

இன்னும் கொஞ்சம் இழுத்தார். இப்ப என்றார். இருக்கு என்றேன். டாக்டர் வருகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. இவர் டிரைவர் சீட்டுக்கு அடியில் தலையை விட்டு ஒயரைப் புது வழியில் கொண்டு வந்து செருகினார். கை மட்டும் வெளியே நீண்டு பெடலை அழுத்தியது. இன்ஜின் உறுமியது, அடங்கியது, மறுபடி உறுமியது. ஸ்பீக்கர்களில் ஒன்றும் இல்லை. இடது பக்கக் கதவில் இல்லை, வலது பக்கத்தில் இல்லை, பின்னால் இல்லை.

"இப்ப?"

"இல்ல. போயிடுச்சு."

கை பெடலிலேயே இருந்தது.

"நெஜமாவா?" என்று சீட்டுக்கு அடியிலிருந்து கேட்டார்.

இத்தனை வருஷத்தில் இவர் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. ஒரு பொய்ச் சிரிப்பில் நான் அப்படிக் கேட்க வைத்துவிட்டேன்.

"நெஜமாத்தான்," என்றேன். கொஞ்ச நேரம் கழித்து இவர் பெடலிலிருந்து கையை எடுத்தார்.