வாடை போன தண்ணீர்

தண்ணீரில் பூச்சிமருந்து வாடை அடித்தால் குளோரினை இரண்டு மடங்காக ஏற்று. வாடை போகும், ஊர் வாயும் அடங்கும். நீரேற்று நிலையத்தில் இதுதான் எழுதாத சட்டம். மழை பெய்து, தோட்டங்களில் தெளித்த மருந்தெல்லாம் ஆற்றில் இறங்கிய அன்றும் அங்கே வால்வு ஆபரேட்டராக இருந்த அவளுடைய அப்பா அதைத்தான் செய்தார்.

அதே நிலையத்து ஆய்வகத்தில்தான் அவளுக்கு வேலை. வீட்டின் முதல் பட்டதாரி. சோதனை முடிவோடு பொறியாளர் முன்னால் போய் நின்றாள்.

“மருந்து இல்லைன்னுதானே வந்திருக்கு? அப்புறம் என்னம்மா?”

“குளோரின் பட்டதும் அது வேற ஒண்ணா மாறிடுச்சு சார். தாய் எட்டடின்னா குட்டி பதினாறடி. அந்தக் குட்டியைத் தேடினேன். இருக்கு.”

“தேடச் சொன்னது யாரு? நம்ம சோதனைப் பட்டியல்ல இருக்கா அது?”

“பட்டியல்ல இல்லாத பாம்பு கடிக்காதா சார்?”

“படிச்ச திமிரு!” என்று சிரித்தார். அவர் மேசையில் கடைத் தண்ணீர் பாட்டில் வியர்த்துக்கொண்டிருந்தது. அவளுக்கு உச்சந்தலைவரை எரிந்தது.

“ஊருக்கெல்லாம் குழாய்த் தண்ணி, உங்களுக்கு மட்டும் பாட்டிலா?”

பதிலுக்கு நிற்காமல் வால்வு அறைக்கு ஓடினாள். அங்கே அப்பா டம்ளரை நீட்டினார். “மோந்து பாரு. துளி வாடை இருக்கா? உங்கப்பன் கைராசி!”

“வாடைதான்பா போச்சு. விஷம் சட்டை மாத்திக்கிட்டு உள்ளயே உட்கார்ந்திருக்கு. நீங்க கொட்டின குளோரின்தான் அதை இன்னும் பொல்லாததாக்கிடுச்சு. ஊருக்குப் போற வால்வை மூடுங்க.”

“எனக்கே பாடம் எடுக்கறியா? அவர் சொல்லாம மூடினா என் வேலை...” பாதியில் நின்றார். முகம் பேயறைந்தது போலாயிற்று. “உங்கக்கா...”

“அக்காவுக்கு என்ன?”

“மாசமா இருக்காளே, சுத்தமா குடிக்கட்டும்னு இந்தத் தண்ணியைத்தான் காலையில கேன்ல புடிச்சு அனுப்பினேன்.”

அவள் கத்தவில்லை. போனை எடுத்தாள். “அக்கா, அந்தத் தண்ணியைக் குடிக்காதே.”

“ரெண்டு டம்ளர் குடிச்சிட்டேனே. ஏன்டி?”

“ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. நானும் வரேன்.”

அப்பா ஏற்கெனவே வால்வுச் சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவளும் பிடித்தாள். துருப்பிடித்த சக்கரம் அலறியது. வாசலில் பொறியாளர். “யாரைக் கேட்டு மூடறீங்க?”

அப்பாவின் டம்ளரை அவர் முன்னால் நீட்டினாள். “எங்க வீட்டுல ரெண்டு டம்ளர் குடிச்சாச்சு. மூணாவதை நீங்க குடிங்க. திறந்துவிடறோம்.”

அவர் கை பாக்கெட்டை விட்டு வெளியே வரவில்லை. அப்பா கடைசிச் சுற்றையும் இறுக்கினார்.